காலைக் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டாம்

கேள்வி: என் கணவருக்கு 2009இல் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஜெய்ப்பூர் கால் போட்டு நடக்கிறார். முந்திக் கடல் தொழில்; இப்போது வாடியில் இருந்து கிழிந்த வலை தைக்கிறார். மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவுக்கு விண்ணப்பித்தோம், கிடைக்கவில்லை. எங்கள் ஒழுங்கையில் அதே மாதிரிக் கால் இழந்த இன்னொருவருக்குக் கிடைக்கிறது. "உங்கட மனுசன் நல்லா நடக்கிறார்தானே, டொக்டரிட்டப் போகேக்க காலைக் கழற்றிப்போட்டுத் தடியோட கூட்டிக்கொண்டு போ" என்கிறார்கள். அப்படிச் செய்யலாமா?
— முல்லைத்தீவு வாசகி

பதில்: வேண்டாம், தங்கச்சி. காலைப் போட்டுக்கொண்டே போகட்டும். நாள் முழுக்கச் செயற்கைக் கால் போடுகிறவரின் தோலில் அதன் தடம் இருக்கும். டொக்டர் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவார். ஒன்றை மறைக்கிறார் என்று பட்டுவிட்டால் மற்ற உண்மைகளும் எடுபடாது. உங்கள் வீட்டுக் கதையில் மறைக்க எதுவும் இல்லை. சொல்லாமல் விட்டதுதான் நிறைய இருக்கும் என்று நினைக்கிறேன்.

"எப்படி இருக்கு?" என்று டொக்டர் கேட்டபோது உங்கள் கணவர் என்ன சொல்லியிருப்பார்? "பரவாயில்லை, சமாளிக்கிறன்" என்றுதான் சொல்லியிருப்பார். கடலுக்குப் போய்வந்த மனுசன், வேறென்ன சொல்லுவார்? டொக்டரும் "முழங்காலுக்குக் கீழ் துண்டிக்கப்பட்டது, செயற்கைக் காலுடன் நடக்கிறார்" என்று எழுதியிருப்பார். அதில் பிழை இல்லை. கதவடியிலிருந்து கதிரை வரை நடந்ததை அவர் கண்டார். வெளியே வரிசையில் இன்னும் எத்தனையோ பேர். மீதி நாளை அவருக்குச் சொல்ல வேண்டியது நீங்கள் இரண்டு பேரும்தான்.

அதனால் போவதற்கு முன் ஒரு கிழமை கவனித்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். வெயிலுக்கு வியர்த்து, கால் பொருந்துகிற இடத்தில் தோல் உரிந்து புண் வந்தால் எத்தனை நாள் காலைப் போட ஏலாமல் இருக்கிறார்? அந்த நாட்களில் வாடிக்குப் போகிறாரா, கூலி வருகிறதா? கிணற்றடியில் இருந்து நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு தூரம் வருவார்? மாரியில் ஒழுங்கை சேறானால் வெளியே இறங்குகிறாரா? மலகூடத்தில் குந்த ஏலுமா? இரவில் காலைக் கழற்றியபின் எழும்ப வேண்டி வந்தால் யாரைப் பிடித்துக்கொண்டு போகிறார்? இல்லாத பாதம் வலிக்குது என்று நித்திரை இல்லாமல் இருக்கிறாரா? கால் இழந்த பலருக்கு அந்த வலி உண்மையாகவே இருக்கும். வெட்கப்பட ஒன்றும் இல்லை, அதையும் எழுதுங்கள்.

நீங்களும் கூடப் போங்கள். அவர் "பரவாயில்லை" என்று தொடங்கினால் கொப்பியை நீட்டுங்கள். எந்த உறுப்பு இல்லை என்பதோடு, எதைச் செய்ய ஏலாது என்பதையும் அறிக்கையில் எழுதித் தரும்படி டொக்டரிடம் பணிவாகக் கேளுங்கள். இது சலுகை கேட்பது அல்ல. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், உடல் அல்லது உளக் குறைபாட்டினால் வாழ்க்கைத் தேவைகளை முழுமையாகவோ ஓரளவுக்கோ தானாக நிறைவேற்றிக்கொள்ள முடியாதவரை மாற்றுத்திறனாளி என்கிறது. நடக்கிறார் என்பதற்காக அவர் அந்த வரையறைக்கு வெளியே போய்விட மாட்டார்.

பழைய மருத்துவத் துண்டுகள் 2009 போரில் தொலைந்திருந்தால் பயப்பட வேண்டாம். வன்னியில் யாரிடம் அவை மிஞ்சின? கால் பொருத்திய நிலையத்தின் அட்டை, இப்போதைய கிளினிக் கொப்பி இரண்டையும் கொண்டுபோங்கள். எங்கே, எப்படிக் காயப்பட்டார் என்று நீளமாகச் சொல்லி உங்களை வருத்திக்கொள்ளவும் வேண்டாம். பார்க்கவேண்டியது அவருடைய இன்றைய உடல்நிலை. வெட்டின கால் திரும்ப முளைக்காது என்று தெரிந்தும் இந்தச் சனத்தைத் திரும்பத் திரும்ப நிரூபிக்க வைப்பது எனக்கு மனம் பொறுக்காத விஷயம். ஆனாலும் கடதாசி இல்லாமல் அலுவல் நடக்காது.

அப்புறம், அந்த அயலவர். ஒரே மாதிரிக் கால், ஒருவருக்குக் காசு, மற்றவருக்கு இல்லை என்றால் தடை மருத்துவ அறிக்கையில்தான் என்று முடிவு கட்டாதீர்கள். இந்தக் கொடுப்பனவு குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கானது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ரூபாயிலிருந்து 10,000 ஆக உயர்த்தினார்கள். 2023இல் தொடங்கிய, அரசின் நலன்புரி உதவிக்குக் குடும்பங்களைத் தெரிவுசெய்கிற அஸ்வெசும திட்டமோ குடும்பத்தைக் கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப விபரம் என்று பிரித்து 22 குறிகாட்டிகளால் அளக்கிறது. வீட்டுத்திட்டத்தில் கிடைத்த கல்வீடும் முற்றத்தில் நிற்கும் மோட்டார் சைக்கிளும் அப்படியான கணக்கெடுப்பில் தெரியும். கியர் போடுவது இடது காலால், அந்தக் கால் இவருக்கு இல்லை என்பது தெரியாது. வீட்டில் அப்படி ஏதும் இருந்தால் அதையும் வாயால் சொல்லி எழுதுவியுங்கள்.

ஆகவே மறுபடி டொக்டரிடம் ஓடுவதற்கு முன், பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைக் கண்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: மறுத்தது உடல்நிலையைப் பார்த்தா, வருமானத்தைப் பார்த்தா, அல்லது காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறோமா? வாயால் சொல்லும் பதில் மழுப்பலாக இருந்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அங்குள்ள தகவல் அலுவலரிடம் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். தகவலைத் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானித்துச் சொல்ல வேண்டும். கொடுக்கிற ஒவ்வொரு கடதாசியிலும் ஒரு போட்டோக்கொப்பி எடுத்து, ஏற்றுக்கொண்டதாகத் திகதியோடு கையொப்பம் வாங்கி வையுங்கள்.

பதில் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள். வருமானப் பக்கம்தான் தடை என்றால், முறையீட்டை எப்படி எழுதுவது என்று சேர்ந்து பார்ப்போம்.