எங்க வீட்டுச் சிமெண்ட் தொட்டியில இருந்த சொக்கன்

கேட்ட கேள்வி இதுதான்: நீங்க வளர்த்ததுல மறக்கவே முடியாத மீன் எது, இப்ப வர்ற செய்திகளைப் பாக்கும்போது அது ஞாபகம் வருதா?

வருது. எந்நேரமும் வருது.

எனக்கு ஊரு தேனி மாவட்டத்துக் கூடலூர், குமுளி மலை ஏறுறதுக்கு முன்னாடி இருக்கற ஊரு. முல்லைப் பெரியாறு தண்ணி டனல் வழியா வந்து லோயர் கேம்ப்ல எறங்கி எங்க வாய்க்காலுக்கு வரும். வருசாவருசம் அணையில தண்ணி இருந்தா ஜூன் மாசம் கம்பம் பள்ளத்தாக்குல 14,707 ஏக்கர் நெல்லுக்குத் தொறந்து விடுவாங்க. அப்படித் தொறந்த ஒரு வருசம், நான் ஆறாப்பு படிக்கும்போது, தாத்தா உழவுக்குப் போயிட்டு வரும்போது தூக்குவாளியில ஒரு பனையேறிக் கெண்டையைப் போட்டுக் கொண்டு வந்தாரு. கொழம்புக்குத்தான் கொண்டு வந்தது, நான் அழுத அழுகையில மாடு வித்தபெறகு சும்மா கெடந்த சிமெண்ட் தொட்டிக்கு அது போயிருச்சு. சொக்கன்னு பேரு வெச்சேன்.

அழகான மீனெல்லாம் இல்ல. என் உள்ளங்கை நீளம், மங்கின பச்சையும் சாம்பலும் கலந்த நெறம், செவுள் மூடியோட ஓரம் ரம்பப் பல்லு மாதிரி இருக்கும், முதல் நாளே வெரலைக் கிழிச்சு ரத்தம் வர வெச்சிருச்சு. ஆனா தொட்டி ஓரத்துல உக்காந்தா கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கா மேல வந்து "ப்ளக்"னு ஒரு வாய் காத்து குடிச்சிட்டு, ஒரு குமிழியை விட்டுட்டு கீழ போகும். அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு. அந்த மீனுக்குச் செவுளுக்கு மேல காத்தைப் புடிச்சு மூச்சு விட தனியா ஒரு உறுப்பு இருக்குனு பின்னாடிதான் படிச்சேன், மேல வந்து காத்துக் குடிக்க விடாம தடுத்தா தண்ணிக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துரும். தரங்கம்பாடியில இருந்த டால்டார்ஃப்ங்கற டேனிஷ்காரர் இந்த மீன் பனைமரத்துல ஏறினதைப் பாத்தேன்னு எழுதி 1797லயே அச்சுல வந்திருக்கு. சொக்கன் மரம் ஏறல, ஆனா ஐப்பசி மழை கொட்டின ஒரு ராத்திரி தொட்டியை விட்டு வெளிய வந்து வாசலைத் தாண்டி அம்மிக்கு அடியில போயி கெடந்துச்சு. விடிஞ்சு பாத்தா ஒடம்பெல்லாம் மண்ணு, செவுளை விரிச்சு விரிச்சு நகந்துக்கிட்டு இருக்கு. கையில எடுத்தப்ப அது துடிச்ச துடிப்பு இப்பவும் கையில இருக்கற மாதிரியே இருக்கு.

2011 டிசம்பர்ல அணைப் பிரச்சினையில எங்க ஊரே கொந்தளிச்சுக் கெடந்துச்சு, குமுளி ரோடு அடைச்சு பஸ்ஸே ஓடல, ஜனம் ஆயிரக்கணக்குல ரோட்டுல. அப்பா நாள் பூரா டிவி முன்னாடி, அணை எத்தனை அடினு மட்டும்தான் பேச்சு. நான் தொட்டிகிட்டதான் இருந்தேன். எங்களுக்குத் தண்ணி வேணும், கேரளா பக்கத்து ஜனங்களுக்கு அணைய நெனச்சுப் பயம், ரெண்டும் நெசம்தான். 2014ல சுப்ரீம் கோர்ட்டு அணையில 142 அடி வரைக்கும் தண்ணி தேக்கலாம்னு சொன்னப்ப எங்க தெருவுல வெடி போட்டாங்க, நானும் சந்தோசப்பட்டேன். ஆனா அந்தத் தண்ணிக்குள்ள இருக்கறதுகளைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதே இல்ல.

சொக்கன் நாலு வருசம் இருந்துச்சு. ஒரு பொங்கலுக்கு வீடு வெள்ளையடிச்சப்ப சித்தப்பா நல்லது நெனச்சு தொட்டியை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேச்சு, சரியா அலசாம தண்ணி ரொப்பி அதைத் திரும்ப விட்டுட்டாரு. நான் டியூசன் முடிஞ்சு வந்து பாக்கறப்ப நிமிசத்துக்கு நாலஞ்சு தடவை மேல வந்து வந்து வாயைத் தொறக்குது, ஒடம்பு மேல வெள்ளையா ஏடு மாதிரி படிஞ்சிருக்கு. காத்துல மூச்சு விடற மீனுக்கும் தண்ணி கெட்டா செவுள் வெந்துதான் போகுது. வேற தண்ணி மாத்தினோம், ராத்திரி தாண்டல.

இப்ப ஏன் இவ்வளவு எழுதறேன்னா, 2024 மே மாசம் அதே பெரியாறு கீழ கேரளாவுல ஆலுவா தாண்டி ஏலூர், எடயார் பக்கம் மீன் மொத்தமா செத்து மெதந்த செய்தி. கறிமீன், காளாஞ்சி போட்டு கூண்டு வெச்சிருந்தவங்களுக்கு எல்லாமே போச்சு. பாதாளம்ங்கற எடத்துத் தடுப்பணை ஷட்டரைத் தொறந்ததுல ஆக்சிஜன் கொறஞ்சிருச்சுனு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொல்லுச்சு, அம்மோனியாவும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் அளவுக்கு மேல இருந்துச்சுனு அங்க இருக்கற மீன்வளப் பல்கலைக்கழகம் சொல்லுச்சு. ஆலுவாவுல இருக்கற சித்தி மகன் ஒரு வீடியோ அனுப்புனான், மீனெல்லாம் தண்ணி மேல வந்து வாயைத் தொறந்து தொறந்து மூடுது. என்னால முழுசா பாக்க முடியல. அது அப்படியே சொக்கனோட கடைசி நாள். ஒரே ஆறு, எங்க பக்கம் ஒரு கை, அங்கிட்டு ஒரு கை. எங்க பக்கம் வந்த கைதான் எனக்குச் சொக்கனைக் குடுத்துச்சு. அணை எத்தனை அடினு தெனமும் பேப்பர்ல போடறாங்க, தண்ணியில ஆக்சிஜன் எவ்வளவு இருக்குனும் போட்டா முதல் ஆளா நான் படிப்பேன்.

போன மாசம் அண்ணன் மக மீன் வேணும்னு கேட்டா, கம்பத்துல கடையில ரெண்டு ஃபைட்டர் மீன் வாங்கித் தரலாம்னு போனேன், தனித்தனி பாட்டில்ல வெச்சிருந்ததைப் பாக்க மனசு கேக்கல, திரும்பி வந்துட்டோம். அந்தப் பழைய தொட்டி இன்னும் இருக்கு, ஓரம் ஒடஞ்சிருக்கு, அவ்வளவுதான். கெணத்துத் தண்ணி ரொப்பி வெச்சிருக்கேன், கொழாத் தண்ணியா இருந்தா குடத்துல புடிச்சு ஒரு நாள் தொறந்து வெச்ச பெறகுதான் ஊத்தணும்னு அவகிட்ட சொல்லிருக்கேன். வயல்ல இன்னும் உழவு ஆரம்பிக்கல.