மான் கறி அரைக்க 450 டாலர் மெஷின் தேவையா?

கேள்வி: வணக்கம் சார். பத்து வருஷமாக விஸ்கான்சினில் இருக்கிறோம். கூட வேலை செய்யும் அமெரிக்க நண்பர் பழக்கிவிட்டதில், மூன்று வருஷமாக நவம்பரில் மான் வேட்டைக்குப் போகிறேன். போன இரண்டு சீசனிலும் சீசனுக்கு ஒரு மான் கிடைத்தது. வெட்டிப் பொட்டலம் போட்டுத் தரும் கடையில் மானுக்கு 130 டாலர் வாங்குகிறார்கள். நண்பரிடம் 22-ம் நம்பர், 1 எச்.பி. கறி கிரைண்டர் இருக்கிறது. "அதையே வாங்கு, 450 டாலர்தான், கடை கார்டில் போட்டால் 12 மாதம் வட்டி கிடையாது" என்கிறார். வீட்டில் இருக்கும் ஸ்டாண்ட் மிக்சரில் மாட்டுகிற அரைக்கும் பாகம் 90 டாலர்தான், அது போதும் என்கிறாள் மனைவி. கோலா உருண்டையாகப் போட்டால்தான் பிள்ளைகள் தொடுகிறார்கள், அதனால் கொத்துக்கறிதான் அதிகம் வேண்டும். கிரெடிட் கார்டில் 1,900 டாலர் பாக்கி இருக்கிறது, வட்டி 24 சதவீதம். தெரிந்த நாலு தமிழ்க் குடும்பங்கள் பணம் கொடுத்துக் கறி வாங்கிக்கொள்ளத் தயார். மெஷின் காசை அதில் எடுத்துவிடலாமா?
– பெயர் வேண்டாம், மேடிசன் பக்கம்

பதில்: போகிற போக்கில் கார்டு பாக்கியைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். 1,900 டாலருக்கு 24 சதவீதம் என்றால், பாக்கி குறையாமல் கிடந்தால் வருஷத்துக்கு 456 டாலர் வட்டி. நண்பர் சொல்லும் மெஷினின் விலை 450. வருஷம் ஒரு 22-ம் நம்பர் கிரைண்டரை வாங்கி வங்கிக்குத் தானம் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள், ஒரு உருண்டை கூட உருட்டாமல். முதலில் அந்தப் பாக்கியை அடையுங்கள். கிரைண்டர் பேச்சு அதற்கப்புறம்தான்.

அந்தக் கடை கார்டையும் பார்த்துவிடுவோம். "12 மாதம் வட்டி இல்லை" என்ற வரிக்குக் கீழே, பொடி எழுத்தில், "காலத்துக்குள் முழுவதும் கட்டினால்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது வட்டி இல்லாத கடன் இல்லை, வட்டியை ஒத்திப்போட்ட கடன். பன்னிரண்டாவது மாதம் முடியும்போது 20 டாலர் பாக்கி நின்றால் கூட, வாங்கிய நாளிலிருந்து ஓடிய வட்டி முழுவதையும் மொத்தமாக ஏற்றிவிடுவார்கள். ஏற்கெனவே ஒரு கார்டில் பாக்கி நிற்கிறவர் இதில் கைவைக்க வேண்டாம்.

சரி, மெஷின். நம்பர் என்பது வாயின் அளவு. 8, 12, 22, 32 என்று ஏற ஏற, சல்லடைத் தட்டும் அகலமாகிறது, மோட்டாரும் பெரிதாகிறது. 8-ம் நம்பர் தட்டு சுமார் இரண்டரை அங்குலம், 12 இரண்டே முக்கால், 22 மூன்றேகால். உங்கள் நண்பரைப் போன்றவர்களுக்கு 22 நியாயம்தான். குடும்பத்தில் நாலு பேர் வேட்டைக்குப் போய், ஆறேழு மான் கொண்டுவந்து, சாசேஜ் வேறு போடுகிற வீடுகள் அங்கே உண்டு. உங்களுக்குக் கிடைப்பது வருஷத்துக்கு ஒன்று. இரண்டு பேர் இருக்கிற வீட்டில் பத்து லிட்டர் மாவு கிரைண்டரை இறக்கினால் அம்மா என்ன சொல்வார்களோ, அதையேதான் நானும் சொல்கிறேன்.

ஒரு மானில் என்ன தேறும் என்று பார்ப்போம். குடல் எடுத்த பிறகு 120 பவுண்டு இருக்கிற மானில், எலும்பில்லாத கறி ஐம்பது பவுண்டு பக்கம் வரும். முதுகுச் சதையையும் தொடையில் நல்ல துண்டுகளையும் யாரும் அரைக்க மாட்டார்கள். பாதி அரவைக்குப் போகிறது என்று வைத்தால் 25 பவுண்டு. இதை அரைக்க 22-ம் நம்பருக்கு ஐந்து ஆறு நிமிஷம் போதும், 12-ம் நம்பருக்கு எட்டு, பத்து. மிக்சரில் மாட்டுகிற பாகத்தில், மோட்டார் சூடாகாமல் நிறுத்தி நிறுத்தி அரைத்தால் முக்கால் மணி நேரம். எதில் அரைத்தாலும் அப்புறம் கழுவுகிற அரை மணி நேரம் எல்லாருக்கும் பொது. நல்ல 12-ம் நம்பர், முக்கால் எச்.பி. மெஷின் 200 டாலர் பக்கம் கிடைக்கும். ஆக வருஷத்தில் நாலு நிமிஷத்தை மிச்சப்படுத்த 250 டாலர் கூடுதலாகக் கொடுக்கச் சொல்கிறார் நண்பர்.

போட்டது எப்போது திரும்பும்? கடைக்காரரின் 130 டாலரில் பொட்டலத் தாள், பைகளுக்கு 20 போனால் மானுக்கு 110 டாலர் மிச்சம். எலும்பு பிரிக்கும் கத்தி, தட்டு, டப்பா என்று முதலில் ஒரு 50 டாலர் ஆகும். மனைவி சொல்கிற வழியில் மொத்தம் 140, இரண்டாவது மானிலேயே கணக்கு நேராகிவிடும். 12-ம் நம்பர் என்றால் 250, மூன்றாவது மானில். 22-ம் நம்பர் என்றால் 500, ஐந்தாவது மான் வரை காத்திருக்க வேண்டும். மான் சிக்காத வருஷமும் உண்டு, அதை எந்த வேட்டைக்காரரும் கணக்கில் எழுதுவதில்லை. உங்கள் உழைப்புக்கும் நான் விலை போடவில்லை. தோல் உரித்து, எலும்பு பிரித்து, ஜவ்வு எடுத்து முடிக்க முதல் தடவை ஒரு முழுநாள் போய்விடும். கடைக்காரர் 130 வாங்குவது அந்த வேலைக்குத்தான், அரைப்பது அதில் கடைசிப் பத்து நிமிஷம்.

கணக்கை மட்டும் பார்த்தால் மனைவி ஜெயித்துவிட்டார். ஆனால் மான் கறி கடைக் கோழி மாதிரி இல்லை. சதைக்கு மேல் வெள்ளையாகப் பளபளக்கும் ஜவ்வு, மெஷினுக்குள் சுழலும் கத்தியைச் சுற்றிக்கொள்ளும். அப்போது கறி வெட்டுப்படாமல் பசை மாதிரி பிதுங்கும். சின்ன மெஷின்கள் சாவது பெரும்பாலும் இதில்தான். தப்பிக்க வழி இருக்கிறது: ஜவ்வைப் பொறுமையாக எடுங்கள், துண்டுகளை ஃப்ரீசரில் வைத்து ஓரம் விறைத்து நடு மட்டும் அமுங்குகிற பதத்தில் அரையுங்கள். திருகு, கத்தி, தட்டு மூன்றையும் கூட அரை மணி நேரம் ஃப்ரீசரில் போட்டு எடுங்கள்.

வேறொரு காரணத்துக்காகவும் நீங்கள் கறியை உறையவைக்கத்தான் போகிறீர்கள். விஸ்கான்சினில் 2002-ல் மான்களுக்கு வரும் சி.டபிள்யூ.டி. என்ற நரம்பு நோயைக் கண்டுபிடித்தார்கள். மாநில இயற்கைவளத் துறையே இலவசமாகச் சோதித்துத் தருகிறது. மனிதருக்குத் தொற்றியதாக நிரூபணம் இல்லை, ஆனாலும் நோயுள்ள மானைச் சாப்பிட வேண்டாம் என்றுதான் அமெரிக்க சுகாதாரத் துறை சொல்கிறது. சமைத்தாலும் அது அழியாது. அதனால் எலும்பு பிரித்து, துண்டாகவே ஃப்ரீசரில் வைத்து, சோதனை முடிவு வந்தபின் அரையுங்கள். கறி பாதி உருகும்போதுதான் அரவைக்குச் சரியான பதம். அவசரம் இல்லாத இடத்தில் குதிரைச் சக்தி எதற்கு? கடையில் கொடுத்தாலும், என் மானைத் தனியாக அரைத்துத் தாருங்கள் என்று கேளுங்கள். பல மான்களைச் சேர்த்து அரைக்கும் கடைகள் உண்டு.

இன்னொரு விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஈயக் குண்டு சதைக்குள் சிதறினால் அந்தத் துகள் கண்ணுக்குத் தெரியாது, அரைத்தால் எல்லாப் பொட்டலத்துக்கும் பரவும். 2008-ல் நார்த் டகோட்டாவில் தானமாக வந்த மான் கொத்துக்கறியில் ஈயம் இருந்ததால், உணவு வங்கிகள் அதை வெளியே போடவேண்டி வந்தது. சின்னப் பிள்ளைகள் சாப்பிடுகிற வீடு. செம்புக் குண்டு பெட்டிக்குச் சில டாலர் கூட ஆகும், கொடுங்கள். காயம் பட்ட இடத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியுங்கள்.

ஆகவே, இந்த நவம்பரில் ஒன்றும் வாங்காதீர்கள். எலும்பு பிரிப்பதை வீட்டில் செய்து பாருங்கள். முடிவு வந்தபின் ஒரு சனிக்கிழமை கறியோடு நண்பரின் கராஜுக்குப் போய் அவர் மெஷினில் அரைத்து, நீங்களே கழுவி வைத்துவிட்டு வாருங்கள். மிச்சமாகும் 110-ஐ அன்றைக்கே கார்டில் கட்டுங்கள். அந்த ஒரு நாள் வேலை பிடித்திருந்து, கார்டும் அடைந்திருந்தால், அடுத்த ஜனவரியில் 12-ம் நம்பர் தேடுங்கள். சீசன் முடிந்ததும் பெரியதுக்கு மாறுகிறவர்கள் பழசை விற்பார்கள். வேலை பிடிக்கவில்லையா, 130 டாலரை மனம் கோணாமல் கொடுத்துவிடுங்கள்.

வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் வாட்டை நம்பாதீர்கள். உங்கள் சமையலறை பிளக் 120 வோல்ட், 15 ஆம்பியர். பெருக்கினால் 1,800 வாட். அதற்கு மேல் அதிலிருந்து தொடர்ந்து வராது. பெட்டியில் 3,000 வாட் என்று இருந்தால், மோட்டார் சிக்கி நிற்கும் கணத்தில் இழுக்கும் உச்சத்தைப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். எச்.பி.யைப் பாருங்கள், உள்ளே பல்சக்கரம் இரும்பா பிளாஸ்டிக்கா என்று கேளுங்கள். வாய்ப்பகுதி ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீலாக இருந்தால் நல்லது. நான் ஆட்டுக்கறிக்கு வைத்திருக்கும் 8-ம் நம்பரின் அலுமினிய வாயை ஒருநாள் சோம்பலில் டிஷ்வாஷரில் போட்டேன். சாம்பல் பூத்து வெளியே வந்தது. தொட்டால் விரலில் கறுப்பு ஒட்டுகிறது, இன்றுவரை போகவில்லை.

கோலா உருண்டைக்குப் பன்றிக் கொழுப்பு சேர்க்கச் சொல்வார்கள். பர்கருக்குத்தான் அது வேண்டும். நம் உருண்டையைப் பொட்டுக்கடலை மாவு பிடித்துக்கொள்ளும், அந்தச் செலவும் மிச்சம். முதலில் பெரிய துளைத் தட்டு, இரண்டாவது தடவை 4.5 மி.மீ. தட்டு. உள்ளே 160 டிகிரி ஃபாரன்ஹீட் வரும்வரை பொரியுங்கள்.

கடைசியாக, அந்த நாலு குடும்பங்கள். நம் ஊரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் கறி வீட்டில் இருந்தாலே வழக்கு. இங்கே லைசென்ஸ் இருந்தால் வேட்டை சட்டப்படி சரி, ஆனால் வேட்டையாடிய மானின் கறியை விற்பது சட்டவிரோதம். தெரிந்தவர்கள், மெஷின் காசுக்காக, லாபம் இல்லாமல் என்று எப்படிச் சொன்னாலும் விற்பனை விற்பனைதான். சும்மா கொடுக்கலாம். சோதனை முடிவு வந்த பிறகு கொடுங்கள்.