புதர் ஏறும் பனிமண்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வடதுருவத்தை ஒட்டிய மரமில்லாத குளிர்நிலமான தூந்திராவில் செடிகள் குளிரால்தானே குன்றிக் கிடக்கின்றன? வெப்பம் கூடினால் அவற்றுக்கு நல்லதுதானே?

பதில்: சிலவற்றுக்கு நல்லதுதான். ஆனால் அவற்றின் செழிப்பே மற்றவற்றுக்கு வினையாகிறது. வட அலாஸ்காவில் 1940களின் கடைசியில் விமானத்திலிருந்து எடுத்த படங்களையும், ஐம்பது ஆண்டு கழித்து அதே இடங்களில் எடுத்த படங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சரிவுகளிலும் ஆற்றங்கரைகளிலும் ஆல்டர், வில்லோ, குட்டை பிர்ச் புதர்கள் அடர்ந்திருப்பது வெறுங்கண்ணுக்கே தெரியும்.

குளிர் ஒன்றுதான் அந்தச் செடிகளை ஒடுக்குகிறது என்று நினைக்க வேண்டாம். பசியும் சேர்ந்துதான் ஒடுக்குகிறது. மண்ணில் மட்கு நிறைய உண்டு. ஆனால் குளிரில் நுண்ணுயிர்கள் அதை மிக மெதுவாகவே சிதைப்பதால் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) வேருக்கு எட்டுவதில்லை. மண் சூடேறும்போது இந்தப் பூட்டு திறக்கிறது. அலாஸ்காவின் டூலிக் ஏரிப் பகுதியில் 1981இல் தொடங்கிய சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. அங்கே ஆண்டுதோறும் சதுர மீட்டருக்கு 10 கிராம் நைட்ரஜனும் 5 கிராம் பாஸ்பரஸும் போட்டார்கள். ஏக்கர் கணக்கில் சுமார் 40 கிலோ, 20 கிலோ. இயற்கையில் வெப்பம் விடுவிக்கும் அளவைவிட இது மிக அதிகம். வருங்காலத்தை வேகமாக ஓட்டிப் பார்ப்பதற்காகவே அப்படிச் செய்தார்கள். குத்துக்குத்தாக நின்ற பஞ்சுப்புல்லும் அடியில் இருந்த மாஸ் என்ற பாசியும் ஒடுங்கி, குட்டை பிர்ச் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இருபது ஆண்டு கழித்துக் கணக்குப் பார்த்தபோது தரைக்கு மேலே கார்பன் கூடியிருந்தது. கீழ்மண்ணிலோ அதைவிட அதிகமாகக் குறைந்திருந்தது. நிகர இழப்பு சதுர மீட்டருக்குச் சுமார் 2 கிலோ. வடக்கின் நிரந்தர உறைமண் பகுதிகளில் வளிமண்டலத்தில் இருப்பதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு கார்பன் புதைந்திருப்பதால், ‘பச்சை கூடினால் கார்பன் குறையும்’ என்ற எளிய கணக்கை நாங்கள் ஏற்பதில்லை.

இன்னொரு சுழலும் உண்டு. உயர்ந்த புதர் காற்றில் அடித்து வரும் பனியைத் தடுத்துக் குவிக்கிறது. குவிந்த பனி கம்பளிபோல் மண்ணைக் கதகதப்பாக வைக்கிறது. அதனால் குளிர்காலத்திலும் நுண்ணுயிர்கள் வேலை செய்து சத்தை விடுவிக்கின்றன. அந்தச் சத்தால் புதர் இன்னும் உயர்கிறது. அதன் நிழலும் உதிர்ந்த இலைகளும் லைக்கன்களை (பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் உயிர்) மூடிவிடுகின்றன. கலைமான்களுக்குக் குளிர்கால உணவு அந்த லைக்கன்தான். அது ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளர்வது, போனால் சீக்கிரம் திரும்பாது.

கேள்வி: மின்சாரமே இல்லாத வெட்டவெளியில் செடிகளை எப்படிச் சூடாக்கிச் சோதிக்கிறார்கள்?

பதில்: ஹீட்டர் எதுவும் இல்லை, வெயில்தான். 1990இல் தொடங்கிய பன்னாட்டுத் தூந்திரா சோதனையில் பரவலாகப் பயன்படுவது மேல்பக்கம் திறந்த சிறு கூண்டு. ஒளி புகும் ஃபைபர்கிளாஸ் அல்லது பாலிகார்பனேட் தகடுகள் ஆறு, உள்நோக்கி 60 பாகை சாய்வு, முழங்கால் அளவு உயரம். காற்று தடைபட்டு, உள்ளே வெப்பம் தங்கிக் கோடைச் சராசரி 1 முதல் 3 பாகை செல்சியஸ் வரை ஏறும். பக்கத்திலேயே கூண்டில்லாத அதே அளவு நிலம் ஒப்பீட்டுக்கு இருக்கும். வெப்பமானியை நேர் வெயில் படாதபடி மறைத்து வைக்க வேண்டும். இல்லையென்றால் காற்றின் வெப்பத்துக்குப் பதில் கருவியின் வெப்பத்தைத்தான் அளப்பீர்கள்.

செடிகளை எண்ண, சதுர மீட்டர் சட்டத்தில் நூறு புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் மெல்லிய கம்பியைச் செங்குத்தாக இறக்கி, அது முதலில் தொட்ட இலை எது, அடியில் தொட்டது மாஸா, லைக்கனா, வெறும் மண்ணா என்று குறித்துக்கொள்வார்கள். காற்றில் இலை ஆடினால் பொறுத்திருந்துதான் இறக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் ஒப்பிடுவதால் சட்டம் அதே இடத்தில் உட்கார வேண்டும். சிக்கல் என்னவென்றால், மண் உறைந்து உருகும்போது மூலையில் அடித்த முளையை மேலே தள்ளிவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் முளைகளைச் சரிபார்த்த பிறகே கம்பியைத் தொட வேண்டும்.

கூண்டுக்கும் குறைகள் உண்டு. காற்றில்லாத வெயில் நாளில் உள்ளே அளவுக்கு மீறிச் சூடாகும். பூச்சிகள் உள்ளே வந்துபோவது குறையும். குளிர்காலத்திலும் விட்டுவைத்தால் பனியைக் குவித்து, கோடை வெப்பத்தின் விளைவோடு பனியின் விளைவையும் கலந்துவிடும். அதனால் பல இடங்களில் இலையுதிர் காலத்தில் கழற்றி, பனி கரைந்ததும் மறுபடி வைக்கிறார்கள்.

கேள்வி: பூக்கும் காலம் முந்துகிறதா?

பதில்: முந்துகிறது. வடகிழக்குக் கிரீன்லாந்தின் சாக்கன்பர்கில் 1996 முதல் 2005 வரை பார்த்ததில் செடி, பூச்சி, பறவை எல்லாம் சேர்த்துச் சராசரி 14.5 நாள். முக்கியக் காரணம் பனி முன்கூட்டியே கரைவது. ஆனால் பல செடிகள் பூமொட்டை முந்தைய கோடையிலேயே கட்டி வைத்துவிடுவதால், இந்த ஆண்டுப் பூவின் எண்ணிக்கைக்குப் போன ஆண்டு வெப்பத்தையும் பார்க்க வேண்டும்.

கேள்வி: சில இடங்களில் தூந்திரா பழுப்பாகிறதாமே? சூடான குளிர்காலத்தில் செடி எப்படிச் சாகும்?

பதில்: 2007 டிசம்பரில் ஸ்காண்டிநேவியாவின் வடக்கில் நடந்தது இதுதான். திடீர் வெப்பம் சில நாள் நீடித்துப் பனி உருகியது. பிறகு கடுங்குளிர் திரும்பியது. கதகதப்பில் செடிகள் குளிர் தாங்கும் திறனை இழந்திருந்தன, மேலே போர்த்தியிருந்த பனியும் இல்லை. தரை உறைந்திருந்தால் வேர் நீர் எடுக்காது, பசுமை மாறா இலையோ காற்றில் நீரை இழந்துகொண்டே இருக்கும். அடுத்த கோடையில் 1,400 சதுர கிலோமீட்டருக்கு மேல் செயற்கைக்கோள் படத்தில் தாவரப் பசுமையை அளக்கும் பசுமைக் குறியீடு சுமார் 26 சதவீதம் சரிந்தது. நிலத்தில் இறங்கிப் பார்த்தவர்கள் கண்டது, க்ரோபெர்ரி என்ற பசுமை மாறாக் குறும்புதரின் கிளைகள் பழுப்பேறிக் காய்ந்து நின்றதை. கோடை வெப்பத்தை மட்டும் அளந்திருந்தால் இதன் காரணம் பிடிபட்டிருக்காது. பனியின் ஆழத்தையும் மண்ணின் வெப்பத்தையும் குளிர்காலம் முழுக்கப் பதிவு செய்யும் கருவிகள் அங்கே இருந்தே ஆக வேண்டும்.