ரகசியம் தெரிந்த பிறகும் ஏன் காத்திருக்கிறோம்?

அன்புள்ள ஐயா,

வாரத்தொடர் ஒன்று படித்து வருகிறேன், குடும்பக் கதை. மூத்த மகன் வளர்ப்புப் பிள்ளை என்பதை மூன்றாவது வாரமே வாசகர்களுக்குச் சொல்லிவிட்டார்கள். பிறகும் அடுத்த அத்தியாயம் வரும்வரை மனசு அதிலேயே கிடக்கிறது. ‘முழுசாக முடியட்டும், ஒரே மூச்சில் படித்துக்கொள்’ என்கிறார் கணவர். அதுதான் சரியா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்களுக்குத் தெரியும், சரி. அந்த மகனுக்குத் தெரியாதே! துப்பறியும் கதையில் நாமும் இருட்டில்தான் நிற்போம். குடும்பக் கதையில் நம்மையும் ரகசியத்துக்கு உடந்தையாக்கிவிடுகிறார்கள். அப்புறம் அந்த வீட்டில் யாராவது பழைய பீரோவைத் திறந்தாலே நமக்குப் பக்கென்கிறது. சொத்துப் பேச்சின் நடுவே தம்பி வாயை விட்டுவிடுவானோ, காய்ச்சலில் அம்மா எதையாவது உளறிவிடுவாளோ என்று, கதையில் இருக்கிற யாருக்கும் இல்லாத பயம் நமக்கு மட்டும். விஷயம் வெளியே வந்தாலும் முடிந்துவிடாது. மறுநாள் காலையில் எல்லோரும் அதே வீட்டில்தான் எழுந்து ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டும், உண்மையான சிக்கலே அங்கேதான் ஆரம்பம்.

‘டல்லாஸ்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் 1980 மார்ச்சில் ஜே.ஆர். என்கிற மூத்த மகனை யாரோ சுட்டுவிட, யாரென்று சொல்ல நவம்பர் ஆகிவிட்டது (நடிகர்களின் வேலைநிறுத்தமும் அதற்கு ஒரு காரணம்). சுட்டது அவன் மனைவியின் தங்கை. வெளியாள் யாராவது சுட்டிருந்தால் சப்பென்று போயிருக்கும். இடைப்பட்ட எட்டு மாதமும் பார்த்தவர்கள் என்ன செய்தார்கள்? அந்த வீட்டில் யாருக்கு அவன்மேல் என்ன கோபம், எதற்காக என்று ஒவ்வொருவராக எடுத்து அலசினார்கள். ஆளைத் தேடுகிற சாக்கில் அந்தக் குடும்பத்தையே கரைத்துக் குடித்துவிட்டார்கள்.

அதனால் உங்கள் கணவர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். ஒரே மூச்சில் படித்தால் அடுத்த பக்கம் உடனே பதில் சொல்லிவிடும், நாம் யோசிக்க இடமே இருக்காது. ஒரு வாரம் விட்டுப் படிக்கும்போது, திங்கட்கிழமை அம்மாமேல் கோபமாக இருந்த நாமே வியாழக்கிழமைக்குள் ‘அவள் இடத்தில் நானும் மறைத்திருப்பேன்’ என்று கட்சி மாறிவிடுவோம், அவள் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டாள்.

ஆனால் எல்லா ‘தொடரும்’களும் யோக்கியமானவை இல்லை. கதவு தட்டப்படுகிறது, தொடரும். அடுத்த வாரம் திறந்தால் பக்கத்து வீட்டுக்காரர். இது வாசகரை ஏய்ப்பது. நல்ல தொடரில், ஒருவர் பேசியே ஆக வேண்டிய இடத்தில் அத்தியாயம் நிற்கும், அடுத்த வாரம் அவர் பேசவும் செய்வார், நாம் எதிர்பார்த்ததைப் பேசமாட்டார் என்பது வேறு விஷயம். உங்கள் தொடரில் அம்மா உண்மையைச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் போன் அடிக்க ஆரம்பித்தால், எழுதுகிறவரிடம் சரக்கு தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு தாராளமாக நிறுத்திவிடுங்கள்.