கொன்சா பக்கம் ஒரு பிளாட் வாங்கலாமா?

கேள்வி: நைரோபியில் ஒரு தொழிற்சாலையில் ஒன்பது வருடமாகக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். இந்தியக் குடியுரிமைதான். வேலை அனுமதி இன்னும் இரண்டு வருடம் ஓடும். மொம்பாசா சாலையில் மாலிலியிலிருந்து 9 கிலோமீட்டர் உள்ளே ஒரு பண்ணை நிலத்தைப் பிளாட் போட்டு விற்கிறார்கள். 50-க்கு 100 அடி, விலை 8.5 லட்சம் ஷில்லிங். அரசு கட்டும் தொழில்நுட்ப நகரமான கொன்சா டெக்னோபோலிஸ் முழுதாக வந்துவிட்டால் மூன்று மடங்காகும் என்கிறார் கூட வேலை பார்க்கும் கென்ய நண்பர். டைட்டில் (உரிமைப் பத்திரம்) இன்னும் 'பிராசஸில்' இருக்கிறதாம். இப்போதைக்குத் தன் பெயரில் பதிந்துவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார். கையில் 5 லட்சம் இருக்கிறது, மீதிக்கு ஆபீஸ் சாக்கோவில் (சேமிப்பு, கடன் கூட்டுறவுச் சங்கம்) கடன் கிடைக்கும். புக்கிங் தொகை 50,000 கொடுத்துவிட்டேன். மகன் மூன்று வருடத்தில் கோவையில் கல்லூரி சேர வேண்டும். என்ன செய்யலாம் சார்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், நைரோபி

பதில்: அடுத்த தவணையைக் கட்டாதீர்கள். விலை ஏறுமா என்ற கேள்விக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்பே ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது: இந்த நிலம் இன்றைய நிலையில் சட்டப்படி உங்களுடையதாக ஆக முடியாது.

கென்யாவின் 2010 அரசியலமைப்பு, 65-ஆவது பிரிவில், குடிமக்கள் அல்லாதவர்கள் நிலத்தைக் குத்தகையாக மட்டுமே வைத்திருக்கலாம், அதுவும் அதிகபட்சம் 99 வருடம் என்கிறது. அது கூடப் பரவாயில்லை, 99 வருடம் நமக்குப் போதும். சிக்கல் விவசாய நிலத்தில்தான். அதை விற்பதானாலும் துண்டு போடுவதானாலும் அந்த வட்டாரத்து லேண்ட் கன்ட்ரோல் போர்டின் (நிலக் கட்டுப்பாட்டு வாரியம்) சம்மதம் வேண்டும். வாங்குபவர் வெளிநாட்டவர் என்றால் போர்டு மறுத்தே ஆக வேண்டும். விலக்கு தரும் அதிகாரம் ஜனாதிபதியிடம் இருக்கிறது. சம்மதம் இல்லாத ஒப்பந்தம் செல்லாது. 'ஒரு கம்பெனி ஆரம்பித்து வாங்கலாமே' என்று யாராவது சொல்வார்கள். அதில் ஒரே ஒரு பங்கு வெளிநாட்டவர் கையில் இருந்தாலும் அந்தக் கம்பெனிக்கும் இதே விதிதான்.

சரி, நண்பர் பெயரில் வாங்கலாமா? இதைப் பற்றி நான் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். நைரோபியில் நான் வேலை பார்த்த காலத்தில், எனக்குத் தெரிந்த ஒரு தமிழர் தன் டிரைவரின் பெயரில் கால் ஏக்கர் வாங்கினார். டிரைவர் தங்கமான மனிதர், எந்த ஏமாற்றும் இல்லை. நான்காம் வருடம் அவர் திடீரென்று இறந்துபோனார். நிலம் அவருடைய வாரிசுகளுக்குப் போனது. அந்த மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ இந்த ஏற்பாடு தெரியாது. தெரிந்திருந்தாலும், அப்பா பெயரில் டைட்டில் இருக்கும் நிலத்தை விட்டுத்தர அவர்களுக்கு என்ன கட்டாயம்? நம்மவர் கையில் இருந்தது இரண்டு பக்கக் கைச்சாத்துக் காகிதம். வக்கீல் அதைப் படித்துவிட்டு மேசையில் திருப்பி வைத்தார். உங்கள் நண்பர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் உயிரோடு இருப்பதையும், கடன் இல்லாமல் இருப்பதையும், அவர் மனைவி ஒத்துக்கொள்வதையும் நம்பி 8.5 லட்சத்தைப் போட முடியாது.

அடுத்தது, டைட்டில் 'பிராசஸில்' இருக்கிறது என்ற வார்த்தை. பெரும்பாலும் அதன் அர்த்தம், முழுப் பண்ணைக்கும் ஒரே தாய் டைட்டில் இருக்கிறது, உங்கள் துண்டுக்குத் தனி எண் இன்னும் விழவில்லை என்பது. தாய் டைட்டில் வங்கியில் அடமானத்தில் இருக்கலாம். தாத்தா பெயரிலேயே நின்றுபோய், வாரிசுச் சான்று வாங்கப்படாமலும் இருக்கலாம். நம் ஊரில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பதுபோல அங்கே நிலப் பதிவகத்தில் அதிகாரபூர்வ 'சர்ச்' போட வேண்டும். தனி எண் இல்லாத துண்டுக்கு எதைத் தேடிப் பார்ப்பீர்கள்?

இனி விலைக்கு வருகிறேன்.

நண்பர் சொல்வது முழுப் பொய் இல்லை. சாலை வந்து விலை ஏறியதை நைரோபி கண்ணால் பார்த்திருக்கிறது. 2012-இல் திகா சூப்பர்ஹைவே திறந்ததும் ருயிரு, ஜூஜா பக்கம் நிலம் கைக்கு எட்டாமல் போனது. ஆனால் அங்கே சாலைக்கு முன்பே ஆள் இருந்தார்கள். ஜூஜாவில் பல்கலைக்கழகம், ருயிருவைச் சுற்றிக் காப்பித் தோட்டங்கள், தினமும் நைரோபிக்கு மட்டாட்டு மினி பஸ்ஸில் நெரிசலில் போய் வந்த கூட்டம். அவர்கள் பயண நேரத்தைச் சாலை குறைத்தது. குறைந்த நேரத்துக்கு அவர்கள் வாடகை கொடுத்தார்கள், அந்த வாடகை நில விலையானது.

கொன்சாவின் கதை வேறு. நைரோபியிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில், ஒரு பழைய பண்ணையின் 5,000 ஏக்கரில், 2030 தொலைநோக்குத் திட்டத்தின் பகுதியாக இந்த நகரத்தை 2008-இல் அறிவித்தார்கள். 2013 ஜனவரியில் அதிபர் கிபாகி அடிக்கல் நாட்டினார். நகரம் வருமுன்னே சுற்றுவட்டாரத்தில் விலை ஏறிவிட்டது. அப்புறம் பல வருடம் அங்கே புல்தான் காற்றில் ஆடியது. இன்று உள்சாலைகள் இருக்கின்றன, தேசிய டேட்டா சென்டர் இயங்குகிறது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சர்வர்கள் வீடு தேடி வருவதில்லை. மாலை ஆறு மணிக்கு வேலை முடிந்து, நடந்து போகிற தூரத்தில் அறை தேடுகிற ஆயிரக்கணக்கானவர்கள் வந்தால்தான் 9 கிலோமீட்டர் உள்ளே இருக்கிற பிளாட்டுக்கு வாடகை உண்டு. அந்தக் கூட்டம் வரும் என்ற நம்பிக்கையின் விலையை உங்களிடம் இன்றைக்கே கேட்கிறார்கள். ரயில் வந்ததால் விலை ஏறும் என்ற கணக்கும் அப்படித்தான். மொம்பாசா விரைவு ரயில் 2017-லிருந்து ஓடுகிறது. நிற்கிற இடத்தில் கடை வரும், கடந்து போகிற இடத்தில் சத்தம் மட்டும்தான் வரும்.

நகரத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்கு ஒரு பஃபர் மண்டலம் அறிவித்துக் கட்டுமானத்துக்கும் துண்டு போடுவதற்கும் கட்டுப்பாடு வைத்ததையும் யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தப் பண்ணை அதற்குள் விழுகிறதா என்று மகுவேனி கவுண்டியின் திட்டமிடல் அலுவலகத்தில் கேட்டால் தெரியும்.

நானும் ஒரு சனிக்கிழமை இப்படி இலவசப் பஸ்ஸில் நிலம் பார்க்கப் போயிருக்கிறேன். வெயில் காலம், தரை கல்போல இருந்தது. சிவப்பு நாடா கட்டிய குச்சிகள், குளிர்ந்த சோடா. 'தண்ணீர் பக்கத்திலேயே' என்றார் விற்பனை ஆள். திரும்பும் வழியில் ஒரு பெண் கழுதையில் நான்கு மஞ்சள் ஜெர்ரிகேன் ஏற்றி வந்தார். ஊற்று எவ்வளவு தூரம் என்று கேட்டேன். போக ஒரு மணி நேரம் என்றார். அந்தச் சமவெளி மண் நம் கோவில்பட்டிக் கரிசல் மாதிரியே. ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். வீடு கட்டினால் கரிசலை வழித்தெடுத்துக் கெட்டி மண் வரை தோண்ட வேண்டும், அதுவே ஒரு தனிச் செலவு. நிலம் பார்ப்பதானால் ஏப்ரலிலோ நவம்பரிலோ, மழை கொட்டிய மறுநாள் போக வேண்டும். லாரி உள்ளே போகிறதா என்று அன்றைக்குத்தான் தெரியும்.

இப்போது கணக்கு. 8.5 லட்சத்தை வருடம் 12 சதவீதம் தரும் வரியில்லாத அரசுப் பத்திரத்தில் போட்டு, வட்டியையும் மறுபடி அதே விகிதத்தில் போட்டு வந்தால் ஐந்து வருடத்தில் சுமார் 15 லட்சம். அதே 15 லட்சம் பிளாட்டிலிருந்து உங்கள் கைக்கு வர வேண்டுமானால், 2023-லிருந்து லாபத்தின் மீது 15 சதவீத மூலதன ஆதாய வரி இருப்பதால், ஏறக்குறைய 16 லட்சத்துக்கு விற்க வேண்டும். கிராமப்புறத்துக்கு 2 சதவீத முத்திரை வரி, வக்கீல், சர்வேயர் எல்லாம் போக, விலை கிட்டத்தட்ட இரட்டித்தால்தான் பத்திரத்துக்குச் சமம். இதில் உங்களுக்குச் சாக்கோ கடன் வேறு. மாதம் ஒரு ஷில்லிங் வாடகை தராத நிலத்துக்கு மாதத் தவணை கட்டுவது, வேலை அனுமதி இரண்டே வருடம் இருக்கிற ஒருவருக்குச் சரிப்படாது.

உங்கள் 5 லட்சத்துக்கு என் யோசனை இதுதான். பையனின் கட்டணம் ரூபாயில் வரப்போகிறது. 2024 ஜனவரியில் டாலருக்கு 160 ஷில்லிங் வரை போய், அதே வருட நடுவில் 130 பக்கம் திரும்பியதைப் பார்த்தீர்கள். அந்த ஆட்டத்தில் கல்லூரிப் பணத்தை விடாதீர்கள். 3 லட்சத்தை மாதாமாதம் பிரித்து ஊருக்கு அனுப்பி, வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ வைப்பில் போடுங்கள். வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. மீதியில் கென்ய மத்திய வங்கி வெளியிடும் உள்கட்டமைப்புப் பத்திரம் வாங்கலாம், வட்டிக்கு அங்கே வரி கிடையாது. 2024 பிப்ரவரியில் கிடைத்த 18.46 சதவீதத்தை இனி எதிர்பார்க்க வேண்டாம். பத்திரத்தின் காலம் நீளம் என்பதால், கிளம்பும்போது சந்தையில் விற்க வேண்டி வரலாம், அப்போது விலை கூடக் குறைய இருக்கும். அதற்குத் தகுந்த அளவு மட்டும் போடுங்கள்.

கென்யாவில் சொத்து வேண்டும் என்ற ஆசை நியாயமானதுதான். வேலை அனுமதி நீண்டு, அங்கேயே இருப்பது உறுதியானால், அத்தி ரிவர், சியோகிமாவு மாதிரி நகர எல்லைக்குள், குத்தகை டைட்டில் உள்ள சின்ன அடுக்குமாடி வீட்டைப் பாருங்கள். சர்ச் போட்டபின் 10 சதவீத முன்பணம், அதுவும் விற்பவரின் வக்கீல் பொறுப்பில். அங்கே வழக்கமும் அதுதான்.

கடைசியாக, கொடுத்துவிட்ட 50,000. அதைத் தொலைந்த காசாக எண்ண வேண்டாம். போர்டு சம்மதம் இல்லாமல் செல்லாமல் போகும் ஒப்பந்தத்தில் கட்டிய பணத்தை, கடன்போலத் திரும்பக் கேட்கும் உரிமையை, போர்டு சம்மதத்தைக் கட்டாயமாக்கும் அதே நிலக் கட்டுப்பாட்டுச் சட்டம் தருகிறது. இந்த வாரமே உங்கள் வக்கீல் மூலம் எழுத்தில் கேளுங்கள். புக்கிங் ரசீதையும், மொபைலில் பணம் அனுப்பிய எம்-பெசா குறுஞ்செய்தியையும் அழித்துவிடாமல் வைத்திருங்கள். நண்பரிடம் இதையெல்லாம் நேரில், பக்குவமாகச் சொல்லுங்கள்; பெயர் கொடுத்திருந்தால் அவரும் சேர்ந்து மாட்டியிருப்பார்.