ஆளில்லாத ஊருக்கு மேயர் எதற்கு?

கேள்வி: பிரான்ஸில் ஒருவர்கூட வசிக்காத கிராமத்துக்கு மேயர் இருக்கிறாராமே? யாரோ கட்டிவிட்ட கதைதானே? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: கதையில்லை ஐயா. அப்படி ஆறு ஊர்கள் இருக்கின்றன, எல்லாம் வெர்டன் நகரைச் சுற்றி. அவற்றில் ஒன்று ஃப்ளெரி. 1913இல் அங்கே 422 பேர் இருந்தார்கள். விவசாயமும் மரவேலையும் பிழைப்பு. முதல் உலகப் போரின்போது, 1916 பிப்ரவரியில் ஜெர்மானியப் பீரங்கிகள் முழங்கத் தொடங்கியதும் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். அந்தக் கோடையில் மட்டும் ஊர் 16 முறை கைமாறியது என்பது கணக்கு. கடைசிச் சில முறை கைமாறுவதற்கு அங்கே என்ன மிச்சம் இருந்தது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. சுவரும் கூரையும் மண்ணோடு மண்ணாகி, குண்டு விழுந்த பள்ளங்கள் மட்டுமே கிடந்தன.

போர் முடிந்தும் திரும்பி வந்து வீடு கட்ட வழியில்லை. வெடிக்காத குண்டுகளும் மனித உடல்களும் புதைந்த நிலம் அது. 'சிவப்பு மண்டலம்' என்று வேலிகட்டி, மரம் நட்டுவிட்டார்கள். ஆனால் ஊரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடிக்க அரசுக்கு மனம் வரவில்லை. 'பிரான்ஸுக்காக உயிர்நீத்த ஊர்' என்று வீரனுக்குக் கொடுக்கும் மரியாதையைக் கொடுத்தது. ஓட்டுப்போட ஆளில்லாததால் மூன்று பேர் கொண்ட குழுவை அரசின் மாவட்ட அதிகாரியே நியமிக்கிறார். குழுத் தலைவருக்கு மேயரின் அதிகாரம். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று மறியல் செய்ய ஒருவரும் இல்லாத பதவி!

கேள்வி: போனால் பார்க்க ஏதாவது உண்டா? (அவரேதான்)

பதில்: மேடும் பள்ளமுமாகப் புல்தரை, நடுவே நடைபாதை. ஓரங்களில் சிறு அடையாளக் கற்கள்: இங்கே ரொட்டிக்கடை, இங்கே பள்ளிக்கூடம். நின்று பார்த்தால் தெருக்களைக்கூட ஊகிக்கலாம். ஒரு சிறு தேவாலயமும் உண்டு. ரயில் நிலையம் இருந்த இடத்தில் 1967 முதல் போர் அருங்காட்சியகம் இருக்கிறது. பாதையை விட்டு மட்டும் இறங்காதீர்கள். 2013இல்கூட 26 வீரர்களின் எலும்புகள் அங்கே கிடைத்தன.

கேள்வி: அழிந்த ஊர்களில் ஒன்றாவது பிழைத்ததா? (மதுரை வாசகி)

பதில்: வெர்டனைச் சுற்றி அழிந்த ஊர்கள் மொத்தம் ஒன்பது. நான் சொன்ன ஆறு போக, மீதி மூன்றில் மக்கள் மறுபடி குடியேறினார்கள். அவற்றில் டுவோமோன், வோ ஆகிய இரண்டும் 2019இல் ஒன்றாக இணைந்துவிட்டன. அங்கெல்லாம் தேர்தல் உண்டு. ஆகவே சண்டைக்கும் குறைவிருக்காது.