கேள்வி – பதில்: மலை ஏறும்போது காபி

எட்டுப் பேர் உத்தரகாண்டில் கேதார்கண்டா சிகரத்துக்கு ஐந்து நாள் போகிறோம். சமையல் நாங்களே. தினம் இரண்டு வேளை காபி வேண்டும். எவ்வளவு வாங்குவது? பில்டர் தூளா, இன்ஸ்டன்ட்டா?
– கோவை வாசகர்

ஆளுக்கு இரண்டு வேளை என்றால் மொத்தம் 80 டம்ளர். டம்ளருக்கு 150 மி.லி. வைத்துக்கொள்ளுங்கள். இன்ஸ்டன்ட் தூள் டம்ளருக்கு 2 கிராம், ஆக 160 கிராம். பால் பவுடர் 15 கிராம் வீதம் 1.2 கிலோ. சர்க்கரை 10 கிராம் வீதம் 800 கிராம். காபித்தூளைவிடப் பாலும் சர்க்கரையும்தான் முதுகை அழுத்தும். சர்க்கரை வேண்டாதவர் எத்தனை பேர் என்று கிளம்பும் முன்பே கேட்டுவிட்டால், ஒருவருக்கு 100 கிராம் குறையும்.

பில்டர் தூள் 560 கிராம் ஆகும். எடையை விடுங்கள், நனைந்த சக்கையை என்ன செய்வீர்கள்? தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போன அதை மலையில் கொட்டாமல் கீழே சுமந்து வர வேண்டும். பழக்கத்தை விட முடியாதவர்கள் எவர்சில்வர் பில்டரை வீட்டில் வைத்துவிட்டுத் துணி வடிகட்டி எடுத்துப் போங்கள். 3,400 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 89 டிகிரியிலேயே கொதித்துவிடும். குளிரில் சீக்கிரம் ஆறியும் போகும். அதனால் டிக்காஷன் வெளிறும். தூளைக் கொதிநீரில் போட்டு ஐந்து நிமிடம் மூடி வைத்து, பிறகு வடிகட்டுங்கள்.

மொத்தத்தையும் ஒரே பையில் போடாதீர்கள். அந்தப் பைக்காரர் பின்தங்கினால் எல்லோருடைய காபியும் பின்தங்கும்! ஐந்து நாளுக்கு ஐந்து பொட்டலம். ஒவ்வொன்றிலும் தூள் 32 கிராம், பால் பவுடர் 240, சர்க்கரை 160, மூன்றும் தனித்தனிக் கவரில். முதல் நாள் பொட்டலத்தை நடையில் சளைப்பவரிடம் கொடுங்கள். மறுநாள் அவர் சுமை குறைந்திருக்கும். கவரை மூடும் முன் காற்றை அழுத்தி வெளியேற்றிவிடுங்கள். மேலே காற்றழுத்தம் குறைவு என்பதால் கடைப் பாக்கெட்டுகள் பலூன்போல் உப்பி, பிரிக்கும்போது மூஞ்சியில் தூள் அடிக்கும். ஈரக் கரண்டியும் உள்ளே போகக் கூடாது. இன்ஸ்டன்ட் தூள் ஈரத்தை இழுத்து ஒரே கட்டியாகிவிடும்.

பால் பவுடரைக் கொதிநீரில் நேராகக் கொட்டினால் வெளிப்பக்கம் நனைந்து உள்ளே உலர்ந்த பொடி சிக்கிக்கொள்ளும். வெதுவெதுப்பான நீரில் தோசை மாவுப் பதத்தில் குழைத்துவிட்டு, சுடுநீரைச் சேருங்கள்.

கேஸ் எவ்வளவு வேண்டும்? விடிகாலையில் அடுப்பு பற்றவே இல்லை என்கிறார்களே?
– திருச்சி வாசகர்

எட்டுப் பேர் காபிக்கு ஒரு வேளைக்கு 1.2 லிட்டர் தண்ணீர். காற்றுத் தடுப்புத் தகடு இருந்தால் லிட்டருக்கு 15 முதல் 20 கிராம் கேஸ் போகும். ஐந்து நாளைக்கு 250 கிராம் வரை. காபிக்கு மட்டுமே 230 கிராம் கேனிஸ்டர் இரண்டு எடுங்கள். சமையல் கேஸ் கணக்கு தனி.

பற்றாததற்குக் காரணம் கேனிஸ்டருக்குள் இருக்கும் பியூட்டேன் வாயு. கடுங்குளிரில் அது சரியாக ஆவியாகாமல் திரவமாகவே கிடக்கும். ஐசோபியூட்டேன், புரோப்பேன் கலந்ததைக் கேட்டு வாங்குங்கள். இரவில் கேனிஸ்டரைத் தூக்கப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நெருப்பில் காட்டிச் சூடாக்குவது ஆபத்து. விமானத்திலும் ரயிலிலும் கேஸ் கொண்டுபோகக் கூடாது. மலை அடிவாரத்தை நம்பாமல் டேராடூனிலேயே வாங்கிவிடுங்கள்.

எடை குறைக்கக் காபியையே விட்டுவிடலாமா?
– மதுரை வாசகர்

தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி தொடங்கும். உயரத்தால் வரும் நோய்க்கும் முதல் அறிகுறி தலைவலிதான். எது எதனால் என்று மேலே போய்த் திண்டாட வேண்டாம். விடுவதென்றால் இரண்டு வாரம் முன்பே வீட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். மலையில் தலை வலித்தால், காபி குடித்ததும் போய்விடும் என்று மேலே ஏறாதீர்கள். வலி தீரும்வரை அதே இடத்தில் இருங்கள், வாந்தியோ தள்ளாட்டமோ சேர்ந்தால் உடனே இறங்குங்கள்.